புதிய தையல் இயந்திரம்: வாங்குதலும் பழகுதலும்



தையல் இயந்திரத்தின் பாகங்களைப் பெயரிடுக என்று வினவினால் உங்களில் அநேகர் தயங்காமல் எழுதுவீர்கள். படத்தைப் பார்த்து மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் "மேல்நூல் அடிக்கடி அறுகின்றது, காரணங்கள் இரண்டு தருக" என்று வினா சற்றுத் திரும்பியதும் பலருடைய பேனை நின்றுவிடுகின்றது. பாகத்தின் பெயர் தெரிந்தும் அதன் தொழில் தெரியாமையே இதற்குக் காரணம்.

ஆகவே இக்கட்டுரையில் பாகங்களின் பட்டியலைத் தரப்போவதில்லை. அது உங்கள் பாடநூலில் உண்டு. விலை கூடிய, கணினியால் இயங்கும் புதிய தையல் இயந்திரம் ஒன்று உங்கள் வீட்டுக்கு வரப்போகின்றது எனக் கொள்வோம். அதை எவ்வாறு தெரிவுசெய்வது, எவ்வாறு மின்னுடன் இணைப்பது, எந்த ஒழுங்கில் பழகுவது என்று பார்த்துக்கொண்டு போகையில் பாகங்களின் தொழிலும் தானாக விளங்கிவிடும். உங்கள் வீட்டில் பழைய மிதி இயந்திரம்தான் உள்ளதா? கவலை வேண்டாம். கீழே கூறப்படுவனவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கடையில்

விற்பனையாளர் முதலில் காட்டுவது பூ வேலைப்பாட்டைத்தான். தொடுதிரையில் ஒரு படத்தைத் தொடுவார். இயந்திரம் தானாக இலையும் கொடியுமாகத் தைத்துக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு வாய் பிளக்கும். "இதில் 500 வகைத் தையல் இருக்கிறது" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையாகப் பயன்படுத்தப்போவது ஐந்தாறு வகையே: நேர்த்தையல், சிக்சாக், ஓர இழை பிரியாமல் தடுக்கும் தையல், இழுபடும் துணிக்கான தையல், வெளியே தெரியாத மடிப்புத் தையல், பொத்தான் துளை. இந்த ஆறையும் செம்மையாகத் தைக்கும் இயந்திரமே நல்ல இயந்திரம்.

எனவே கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு துண்டுத் துணி கொண்டு போங்கள். ஒன்று மெல்லிய வொயில், மற்றையது பழைய டெனிம் காற்சட்டையில் வெட்டியது. டெனிம் துண்டை மடித்து ஆறு மடிப்பாக்கி மிக மெதுவாகத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். தரமான இலத்திரனியல் இயந்திரத்தில் வேகம் குறைந்தாலும் ஊசி துணியைத் துளைக்கும் வலு குறையாது. மலிவான மோட்டர் மெதுவாக ஓடும்போது திணறி நிற்கும். அடுத்து வொயிலைத் தைக்கச் சொல்லுங்கள். துணி சுருங்காமலும் ஊசித் தகட்டின் துளைக்குள் இழுபடாமலும் தையல் விழுந்தால் நன்று. இந்த இரு சோதனைகளும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பின்னர் கேட்க வேண்டியவை: பொபின் எந்த வகை, அது இங்கே கிடைக்குமா? பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? உத்தரவாதம் எத்தனை வருடம், மின்சுற்றுப் பலகையும் அதில் அடங்குமா? கைநூல் எந்த மொழியில் உள்ளது? பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அதில் படங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்றாவது பாருங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். தையல் இயந்திரம் ஆரம்பத்திலிருந்தே ஒரு குடும்பத்துக்குப் பெருஞ்செலவுதான். அதனாலேயே அமெரிக்காவின் சிங்கர் கம்பனி 1856 இல் தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. அதே கம்பனி 1877 இல் கொழும்பு புறக்கோட்டையில் கடை திறந்தது. இன்றும் பலர் தவணையிலேயே வாங்குகின்றனர். உங்கள் கணிதபாட அறிவை இங்கே பயன்படுத்துங்கள். ஓர் இயந்திரத்தின் விலை ரூபா 120 000, முற்பணம் ரூபா 30 000, மீதிக்கு மாதம் ரூபா 8 500 வீதம் 12 தவணை எனக் கொள்வோம். தவணைகளின் கூட்டுத்தொகை ரூபா 102 000. கடன் ரூபா 90 000. ஆகவே வட்டி ரூபா 12 000. "90 000 இற்கு 12 000, அதாவது 13% சொச்சம்தானே" என்று தோன்றும். அது தவறு. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே போகின்றது அல்லவா? மாத அலகுகள் 12 × 13 ÷ 2 = 78. ஒரு மாத அலகுக்கான கடன் ரூபா 7 500. 12 000 ஐ 78 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ரூபா 153.85. அது 7 500 இன் 2.05% ஆகும். ஆண்டுக்கு 24.6%! அம்மாவிடம் இந்தக் கணக்கைச் செய்து காட்டிய பின்னர் தீர்மானம் எடுக்கட்டும்.

செருகியைக் குதையில் இடுமுன்

எமது வீடுகளுக்கு விலை கூடிய இயந்திரங்கள் கடையிலிருந்து மட்டும் வருவதில்லை. கனடாவிலிருந்து மாமி அனுப்புவார். சுவிற்சர்லாந்திலிருந்து பெரியப்பா ஊருக்கு வரும்போது கொண்டு வருவார். பெட்டி வந்து இறங்கியதும் வீட்டில் எல்லோரும் கூடிவிடுவார்கள். பொலித்தீனைக் கிழிப்பது ஒருவர், ரெஜிபோமைத் தூக்கி எறிவது இன்னொருவர். உடனே செருகியைக் குதையில் இட்டு விளக்கு எரிவதைப் பார்க்கும் ஆவல். அந்த ஆவலைச் சற்றே அடக்குங்கள். பல ஆயிரம் டொலர் பெறுமதியான பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் பழுதாவது இந்த இடத்தில்தான்.

இலங்கையின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று. பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்சு, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 120 வோல்ற்று. யப்பானில் 100 வோல்ற்று. விஞ்ஞான பாடத்தில் கற்ற சமன்பாட்டை நினைவுகூருங்கள்: தடை மாறாதிருக்கையில் வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம். 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்ட ஒன்றுக்கு 230 வோல்ற்றைக் கொடுத்தால் வோல்ற்றளவு ஏறத்தாழ 1.9 மடங்காகும். வலுவோ ஏறத்தாழ 3.7 மடங்காகிவிடும். மின்சுற்றுப் பலகை அதைத் தாங்காது.

இயந்திரத்தின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு சிறு தகடு அல்லது ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை வாசிப்பதே உங்கள் முதல் வேலை. "100–240" என்று இருந்தால் அச்சமில்லை. செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். "120" என்று மட்டும் இருந்தால் படிகுறை நிலைமாற்றி ஒன்று கட்டாயம் தேவை. தகட்டில் உள்ள வாற்று அளவைவிடக் கூடிய கொள்ளளவு அதற்கு இருக்க வேண்டும். பயணிகள் பயன்படுத்தும் மாற்றுச் செருகி வேறு, நிலைமாற்றி வேறு. முன்னையது முள்ளின் வடிவத்தை மாத்திரமே மாற்றும், வோல்ற்றளவை மாற்றாது. வட அமெரிக்கச் செருகியின் தட்டை முட்கள் எமது குதைக்குள் நுழையாதது ஒரு வகையில் பாதுகாப்பே. அதை வெட்டிவிட்டு உள்ளூர்ச் செருகியைப் பூட்டும் "கெட்டித்தனம்" வேண்டாம்.

இன்னொன்று. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எமது நாட்டில் இடிமின்னல் அதிகம். வானம் இருண்டால் ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது, செருகியையும் கழற்றிவிட வேண்டும். பழைய மிதி இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. மின்சாரம் நின்றாலும் அது தைக்கும். புதியது வந்தவுடன் அதை இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு தையல் உருவாகும் விதம்

கைத்தையலில் நூல் ஒன்று. ஊசி முழுவதும் துணியை ஊடுருவி மறுபக்கம் போய்த் திரும்பி வரும். இயந்திர ஊசி அவ்வாறு போக முடியாது. அதன் தலைப்பகுதி இயந்திரத்தில் பூட்டப்பட்டுள்ளது. அது கீழே இறங்கலாம், மேலே ஏறலாம், அவ்வளவே. பின்னர் எவ்வாறு தையல் விழுகின்றது?

இதற்கான விடையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, ஊசியின் துளை தலைப்பகுதியில் இல்லாமல் கூர்முனைக்கு அருகில் இருத்தல். மற்றையது, துணியின் அடியில் இரண்டாவது நூல் ஒன்று காத்திருத்தல். அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846 இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் இவ்விரண்டும் இருந்தன. அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு 250 தையல் வரை போட்டது. அதற்கு முன்னரே, 1830 இல், பிரான்சைச் சேர்ந்த திமோனியே என்பவர் ஒரே நூலால் சங்கிலித் தையல் போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் 1831 இல் அவருடைய தொழிற்சாலைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர்.

இனி ஊசியை மெதுவாகப் பின்தொடர்வோம். உங்கள் இயந்திரத்தின் கைச்சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுழற்றிக்கொண்டே வாசித்தால் இன்னும் நன்று. ஆளியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

ஊசி மேல்நூலையும் கொண்டு துணியைத் துளைத்து மிகக் கீழான நிலைக்குப் போகின்றது. பின்னர் மேலேறத் தொடங்குகின்றது. ஏறும்போது நூலும் கூடவே ஏற வேண்டும் அல்லவா? ஆனால் துணி நூலை உராய்ந்து பிடித்துக்கொள்கின்றது. ஆகவே ஊசியின் பின்புறத்தில் நூல் ஒரு சிறு தடமாக வெளியே தள்ளி நிற்கும். ஊசி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஏறியிருக்கும் அந்தக் கணத்தில், கீழே சுழன்றுகொண்டிருக்கும் கொக்கியின் கூர்முனை வந்து அந்தத் தடத்துக்குள் நுழைகின்றது. தடத்தைப் பிடித்து அகட்டி, பொபினைச் சுற்றி எடுத்துச் செல்கின்றது. இப்போது மேல்நூல் கீழ்நூலைச் சுற்றிவிட்டது. உடனே மேலே உள்ள நூல் இழுக்கும் நெம்பு உயர்ந்து, மிஞ்சிய நூலை இழுத்து இறுக்குகின்றது. இரண்டு நூலும் துணி மடிப்புகளின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. இதுவே பூட்டுத் தையல். ஊசி துணியை விட்டு வெளியேறிய பின்னர்தான் துணி தள்ளும் பற்கள் மேலெழுந்து துணியை அடுத்த தையலுக்கு நகர்த்தும்.

நிமிடத்துக்கு 1000 தையல் போடும் இயந்திரத்தில் இவ்வளவும் 0.06 செக்கனில் நடந்து முடிகின்றன. கொக்கி ஒரு மயிரிழை பிந்தினாலும் தடம் தப்பிவிடும், தையல் விடுபடும். ஊசி சற்றே வளைந்திருந்தாலும், முழுமையாக மேலே ஏற்றிப் பூட்டப்படாவிட்டாலும், தட்டையான பக்கம் மாறிப் பூட்டப்பட்டாலும் இதுவே நிகழும். "தையல் விடுபடக் காரணம் யாது" என்ற வினாவுக்கு விடை இந்தப் பந்தியிலேயே இருக்கின்றது, மனனம் செய்ய வேண்டியதில்லை.

அடியிலுள்ள நூலைத் தாங்கும் பொபின் ஆரம்பத்தில் நீண்ட ஓடத்தினுள் வைக்கப்பட்டது. பின்னர் வட்டமான பொபின் வந்தது. யப்பானில் அதைப் பயன்படுத்திய நிறுவனம் ஒன்று, வட்டப் பொபின் பாம்பின் கண்ணைப் போல் இருக்கின்றது என்று, அந்தப் பொருள் தரும் யப்பானியச் சொல்லையே தனக்குப் பெயராக வைத்துக்கொண்டது. அதுவே ஜனோமே.

அப்படியானால் புதியதில் புதியது என்ன?

1975 இல் சிங்கர் நிறுவனம் அதீனா 2000 என்ற இலத்திரனியல் வீட்டுத் தையல் இயந்திரத்தை வெளியிட்டது. 1979 இல் ஜனோமே நிறுவனம் மெமரி 7 என்ற கணினிமய இயந்திரத்தை வெளியிட்டது. இன்றைய தொடுதிரை இயந்திரங்கள் யாவும் அவற்றின் வழிவந்தவையே.

பழைய சிக்சாக் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், கேம் எனப்படும், ஓரம் மேடும் பள்ளமுமான தகடு ஒன்று சுழல்வதைக் காண்பீர்கள். அந்த மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஊசித்தண்டு இடமும் வலமும் அசையும். எத்தனை தகடோ அத்தனை வகைத் தையல். கணினிமய இயந்திரத்தில் தகடு இல்லை. சிறு சிறு படிகளாகத் துல்லியமாகத் திரும்பும் மோட்டர்கள் உள்ளன. ஒன்று ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றது. இன்னொன்று துணி தள்ளும் பற்களைக் கட்டுப்படுத்துகின்றது. எத்தனை படி திரும்ப வேண்டும் என்பது நினைவகத்தில் எண்களாக இருக்கின்றது. 500 வகைத் தையலின் இரகசியம் இதுதான். ஊசி, தடம், கொக்கி, பொபின் எல்லாம் பழையபடியே.

உயர்விலை இயந்திரங்களின் சில வசதிகள் உண்மையில் பயனுள்ளவை. ஜேர்மனியின் பஃபாப் நிறுவனம் 1968 இல் அறிமுகப்படுத்திய இரட்டை நகர்த்தி அவற்றுள் ஒன்று. வழமையான இயந்திரத்தில் பற்கள் கீழ்த்துணியை மட்டுமே தள்ளும், மேல்துணி பின்தங்கும். நீண்ட தையலின் முடிவில் ஒரு துணி மிஞ்சி நிற்பது இதனாலேயே. மேலிருந்தும் நகர்த்தினால் இரு துணியும் சமமாகப் போகும். கோடும் கட்டமும் போட்ட துணியைப் பொருத்தித் தைத்துப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். சுவிற்சர்லாந்தின் பேர்னினா நிறுவனத்தின் இயந்திரங்களில் முழங்காலால் தள்ளி அமுக்கும் பாதத்தை உயர்த்தும் நெம்பு ஒன்றைக் காணலாம். இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். நிறுத்தும்போது ஊசி கீழே நிற்பதா மேலே நிற்பதா என்று தெரிவுசெய்யும் பொத்தான் சிறிய வசதிதான். ஆனால் மூலை திருப்பப் பழகும் புதியவருக்கு இதைவிட உதவியானது வேறில்லை என்பேன்.

முதல் வாரம்

புதிய இயந்திரத்தில் முதலில் தைக்க வேண்டியது பெருநாள் சட்டையன்று. கடதாசியில் தொடங்குங்கள், அதுவும் நூலில்லாமல். கோடிட்ட சீ.ஆர். கொப்பித் தாள் ஒன்றை எடுத்து, ஒரு பழைய ஊசியைப் பூட்டி (கடதாசி ஊசியை மழுக்கிவிடும்), கோட்டின் மேலேயே தைத்துச் செல்லுங்கள். துளைகள் கோட்டை விட்டு எங்கே விலகின என்பது தாளில் அப்படியே பதிந்திருக்கும். பெரும்பாலும் நீங்கள் ஊசியைப் பார்த்த இடத்தில்தான் விலகியிருக்கும். ஊசியைப் பார்க்கக்கூடாது. அமுக்கும் பாதத்தின் ஓரத்தையோ ஊசித் தகட்டில் உள்ள அளவுக் கோட்டையோ பார்த்துத் தைக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டைக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் சதுரம் வரைந்து மூலை திருப்புங்கள்: ஊசி கீழே, பாதம் மேலே, தாளைத் திருப்பு, பாதம் கீழே. பின்னர் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் வரைந்து அதன்மேல் தையுங்கள்.

இரண்டாம் நாள் புதிய ஊசியும் நூலும். ஊசி உறையில் 80/12, 90/14 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எண் ஊசித்தண்டின் விட்டம், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கில் கூறப்படுவது. அதாவது 90 என்றால் 0.90 மில்லிமீற்றர். இரண்டாவது அமெரிக்க முறை எண். வொயிலுக்கு 70, சீத்தைத் துணிக்கும் பள்ளிச் சீருடைத் துணிக்கும் 80 அல்லது 90, டெனிமுக்கு 100. ரீசேட் போன்ற பின்னல் துணிக்குக் கூர்முனை ஊசி ஆகாது. அது இழையை வெட்டிவிடும். முனை உருண்ட ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும்.

இப்போது ஒரு பரிசோதனை. மேலே சிவப்பு நூல், பொபினில் நீல நூல். வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து ஒரு சாண் நீளம் தையுங்கள். நூலின் இழுவை சரியென்றால் மேலே சிவப்பு மட்டும், கீழே நீலம் மட்டும் தெரியும். இனி வேண்டுமென்றே மேல்நூல் இழுவை எண்ணைக் கூட்டுங்கள். மேற்பக்கத்தில் நீலப் புள்ளிகள் தோன்றும். இறுகிய மேல்நூல் கீழ்நூலை மேலே இழுத்துவிட்டது. இழுவையைக் குறையுங்கள். கீழ்ப்பக்கத்தில் சிவப்பு வந்துவிடும். இந்த மூன்று கோட்டையும் வெட்டி எடுத்து, பக்கத்தில் இழுவை எண்ணை எழுதி, மாதிரித் துணி ஏட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய இரவு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும்.

மூன்றாம், நான்காம் நாள்களில் சிக்சாக், ஓரத் தையல், பொத்தான் துளை என்று ஒவ்வொன்றாகத் தைத்து ஏட்டை நிரப்புங்கள். சிக்சாக் தைக்குமுன் அமுக்கும் பாதத்தைப் பாருங்கள். நேர்த்தையல் பாதத்தில் ஊசிக்கு ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். அதை மாற்றாமல் சிக்சாக்கைத் தெரிவுசெய்தால் ஊசி பாதத்தில் இடித்து முறிந்து, துண்டு முகத்தில் தெறிக்கலாம். பொத்தான் துளையைத் தைக்கும் துணியின் துண்டிலேயே, அதே எண்ணிக்கை மடிப்புடன், முதலில் தைத்துப் பாருங்கள். ஆடை முழுவதும் முடிந்த பின்னர் கடைசியாக வருவது பொத்தான் துளை. அங்கே பிழைத்தால் முழு ஆடையும் போய்விடும்.

வார இறுதியில் ஒரு தலையணை உறை தையுங்கள். தையலின் நீளம் 2.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றரில் 4 தையல். 60 சென்ரிமீற்றர் பக்கத்துக்கு 240 தையல். நிமிடத்துக்கு 600 வீதம் ஓடினால் 24 செக்கன். வெட்டுவதும் மடிப்பதும் அழுத்துவதும்தான் நேரத்தை எடுக்கின்றன என்பதை அப்போது கண்டுகொள்வீர்கள்.

கீழே குருவிக்கூடு

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயார் அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் கணினிமய இயந்திரம் ஒன்று வாங்கினார். முதல் நாளே துணியின் அடியில் நூல் குருவிக்கூடு போலத் திரண்டு இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. கீழேதானே சிக்கல், ஆகவே பொபினில்தான் பிழை என்று மகள் எண்ணினாள். திருப்புளியால் பொபின் கூட்டின் திருகாணியை ஒரு சுற்றுத் திருப்பினாள். இன்னும் மோசமாயிற்று. மறுபடி திருப்பினாள். பின்னர் ஒருவரும் தொடத் துணியவில்லை. ஆறு மாதம் அந்த இயந்திரம் பூப்போட்ட உறைக்குள் இருந்தது. தாயார் பழைய மிதி இயந்திரத்தையே மிதித்துக்கொண்டிருந்தார். தவணை மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தது.

பிழை எங்கே? பொபினில் அன்று. மேல்நூல் கோக்கும்போது அமுக்கும் பாதம் கீழே இருந்தது, அவ்வளவுதான். பாதம் உயர்ந்திருக்கும்போது இழுவைத் தட்டுகள் விலகியிருக்கும், நூல் அவற்றின் நடுவே போய் அமரும். பாதம் தாழ்ந்திருக்கும்போது தட்டுகள் மூடிக்கொள்ளும். அப்போது கோத்தால் நூல் தட்டுகளின் வெளியே தங்கிவிடும், அதற்கு இழுவையே இருக்காது. கொக்கி தடத்தை எடுத்துப் பொபினைச் சுற்றும். நெம்பு மேலே இழுக்கும். ஆனால் எதிரிழுவை இல்லாத நூல் நூற்கட்டையிலிருந்துதான் வருமேயொழிய, கீழே தொங்கும் தடம் இறுகாது. ஒவ்வொரு தையலிலும் ஒரு தளர்ந்த தடம் கீழே சேரும். அதுவே குருவிக்கூடு.

சிக்கல் கீழே தெரிந்தால் காரணத்தை மேலே தேடுங்கள் என்று என் வகுப்பில் சொல்வதுண்டு. நூலை முழுவதும் கழற்றி, பாதத்தை உயர்த்தி, மறுபடி கோத்து, முதல் மூன்று நான்கு தையலுக்கு இரு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு தைத்தால் பத்தில் ஒன்பது தடவை தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஊசியை மாற்றுங்கள். அதன் பின்னரே பொபின் பகுதியைத் திறந்து தூரிகையால் தூசியை அகற்றுங்கள். வாயால் ஊதக்கூடாது, மூச்சின் ஈரம் உள்ளே போகும். பொபின் கூட்டின் திருகாணியைத் தொடுவது கடைசி வழி. எண்ணெய் விடுவதும் அவ்வாறே. சில புதிய இயந்திரங்களுக்கு வீட்டில் எண்ணெய் விடவே கூடாது, சிலவற்றின் கொக்கிக்கு ஒரு துளி கட்டாயம். கைநூல் சொல்வதே முடிவு.

அந்த வீட்டு இயந்திரம் இப்போது ஓடுகின்றது. பொபின் கூட்டின் திருகாணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் அரை நாள் பிடித்தது.

மாதிரி வினாவும் விடையும்

புதிதாக வாங்கிய மின் தையல் இயந்திரத்தில் மாணவி ஒருத்தி ரீசேட் துணியைத் தைக்கிறாள். இடையிடையே தையல் விடுபடுகின்றது. துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளிகளாகத் தெரிகின்றது.

(அ) தையல் விடுபடுவதற்கு ஏற்ற காரணம் ஒன்று தருக.
(ஆ) கீழ்நூல் மேலே தெரிவதற்குக் காரணம் யாது? எவ்வாறு சீர்செய்வாள்?
(இ) சீர்செய்ததைச் சோதிக்க அவள் கையாளக்கூடிய முறையொன்றைக் கூறுக.

(அ) இற்கு "ஊசி பிழை" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. பின்னல் துணிக்குக் கூர்முனை ஊசி பயன்படுத்தப்பட்டதால் ஊசியின் பின்புறத்தில் நூல் தடம் சரியாக உருவாகவில்லை, கொக்கி அதைப் பிடிக்கத் தவறியது என்று எழுத வேண்டும். ஊசி மழுங்கியமை, வளைந்தமை, முழுமையாக ஏற்றிப் பூட்டப்படாமை என்பனவும் பொருத்தமானவை.

(ஆ) மேல்நூலின் இழுவை அளவுக்கு மிஞ்சியதால் அது கீழ்நூலை மேலே இழுக்கின்றது. மேல்நூல் இழுவை எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். "பொபின் திருகாணியை இறுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். குறி கிட்டத்தட்டச் சரிபோலத் தோன்றினாலும் முதலில் செய்ய வேண்டியது அதுவன்று.

(இ) மேலும் கீழும் வெவ்வேறு நிற நூல்களை இட்டு, அதே ரீசேட் துணியின் துண்டொன்றை இரண்டாக மடித்து, உருண்ட முனை ஊசியால் தைத்துப் பார்த்தல். ஒவ்வொரு நிறமும் தன் பக்கத்தில் மட்டும் தெரிந்தால் இழுவை சரியாகும்.